விசிறி வீசியவருக்கு வரதர் சொன்ன பதில்

கடவுளைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவரோடு பேச வேண்டும். முடிவில் அவரோடு ஒன்றிவிட வேண்டும்.

பக்தி உள்ளவர்களுக்கு இந்த ஆசை இருப்பது இயற்கை. அதில் தவறு ஒன்றும் இல்லை.

2019-ம் ஆண்டில் இந்த ஆசையைக் காஞ்சீபுரம் தெருக்களில் பார்த்தோம். வரதராஜப் பெருமாள் கோவில் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் வெளியே எழுந்தருளினார். 40 ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் விழா அது. 1979-ல் நடந்தது. பிறகு 2019-ல், ஜூலை 1-ந் தேதி தொடங்கி 48 நாள் நடந்தது.

கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டமா? கைக்குழந்தையோடு தாய்மார் வந்தார்கள். நடக்க முடியாத முதியவர்களைப் பிள்ளைகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கிடைத்ததோ சில நொடிப் பார்வைதான். அதற்கே கண்ணீர் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

அந்தக் கண்ணீரை நான் குறைவாகப் பேச மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி உண்டு.

பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோமே, பிறகு என்ன ஆனோம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், இரண்டு பேர் நமக்கு வழி சொல்கிறார்கள். ஒருவர் காஞ்சீபுரத்தில் வாழ்ந்தவர். இன்னொருவர் கடல் கடந்த இத்தாலி நாட்டில் வாழ்ந்த ஒரு பெண்மணி. ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது. காலம் வேறு, மதம் வேறு, மொழி வேறு. ஆனாலும் இருவர் கதையும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது.

பூந்தோட்டக்காரர்

திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் பூவிருந்தவல்லி. சென்னைக்கு அருகே இருக்கும் பூந்தமல்லிதான் அது. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். வாணிபம் செய்யும் குலத்தில் பிறந்தவர்.

அவருடைய தகப்பனார் பிள்ளைகளுக்குப் பணம் பிரித்துக் கொடுத்தார். மற்ற பிள்ளைகள் அதை வியாபாரத்தில் போட்டுப் பெருக்கினார்கள். நம்பிகளோ பூந்தோட்டம் வைத்தார். பூப்பறித்து, மாலை தொடுத்து, காஞ்சி வரதருக்குச் சாத்தினார். பிறகு காஞ்சியிலேயே தங்கி, பெருமாளுக்கு விசிறி வீசும் தொண்டை ஏற்றுக்கொண்டார். இதைத் திருவாலவட்டக் கைங்கரியம் என்பார்கள்.

சின்னக் காஞ்சீபுரத்தில் அந்தக் கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். 24 படி ஏறித்தான் பெருமாளைச் சேவிக்க வேண்டும். அத்திகிரி என்று பெயர் பெற்ற அந்த மேட்டில் நின்று நம்பிகள் விசிறினார். விசிறும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்பது வைணவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் வரலாறு.

நான்கு வேதமும் படித்தவர்களோடு பேசவில்லை. விசிறிக்காரரோடு பேசினார்!

கழுவித் தள்ளிய இலை

அப்போது காஞ்சியில் ஓர் இளைஞர் இருந்தார். பெரிய கல்விமான். அவர்தான் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர். 1017-ம் ஆண்டில் பிறந்தவர் என்பது மரபு.

இராமானுஜர் பிராமண குலத்தவர். நம்பிகள் அப்படி அல்ல. ஆனாலும் நம்பிகளைத் தம் குருவாகவே எண்ணினார் இராமானுஜர். அவர் சாப்பிட்ட மிச்சத்தைத் தாம் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒரு நாள் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார்.

சமையல் ஆயிற்று. நம்பிகளை அழைத்து வர இராமானுஜர் ஒரு தெரு வழியாகப் போனார். நம்பிகளோ வேறு தெரு வழியாக வந்துவிட்டார். கோவில் தொண்டுக்கு நேரமாகிறது என்று சொல்லி, சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

இராமானுஜரின் மனைவி இலையை எடுத்து எறிந்தார். இடத்தைக் கழுவி மெழுகினார். மிச்சத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். தலை முழுகி, கணவருக்காகப் புதிதாய்ச் சமைத்து வைத்தார்.

வீடு திரும்பிய இராமானுஜர் மனம் நொந்து போனார்.

அந்த அம்மாளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அந்தக் காலத்து வழக்கம் அவர் கை வழியாக வேலை செய்தது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எந்தத் தெய்வத்தை அந்த வீட்டார் நாள்தோறும் கும்பிட்டார்களோ, அந்தத் தெய்வம் தினமும் பேசிக்கொண்டிருந்த மனிதர் வீடு தேடி வந்தார். அவர் உட்கார்ந்த இடம் கழுவப்பட்டது!

ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது. இன்று நாம் மாறிவிட்டோமா? கோவிலில் மனமுருகி நின்றுவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்குத் தனி டம்ளர் எடுத்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆறு வார்த்தைகள்

இராமானுஜருக்குச் சில சந்தேகங்கள் இருந்தன. அவற்றைத் தீர்த்துக்கொள்ள அவர் நம்பிகளைத்தான் நாடினார். "பெருமாளிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று வேண்டிக்கொண்டார். வரதர் ஆறு வார்த்தைகளில் பதில் சொல்லி அனுப்பினார் என்பது வரலாறு.

நானே பரம்பொருள் என்பது ஒன்று. உயிர் வேறு, நான் வேறு என்பது இரண்டு. சரண் அடைவதே வழி என்பது மூன்று. கடைசி மூச்சின்போது என்னை நினைக்க முடியாமல் போனாலும் பாதகம் இல்லை என்பது நான்கு. உடல் விழுந்ததும் முக்தி உண்டு என்பது ஐந்து. பெரிய நம்பியைக் குருவாகக் கொள் என்பது ஆறு.

நான்காவது வார்த்தையைக் கவனியுங்கள். வயதாகி, நினைவு தப்பி, பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோன தாய் எத்தனை வீட்டில் இருக்கிறார்! "கடைசியில் சாமி பெயரைக்கூடச் சொல்லவில்லையே" என்று பிள்ளைகள் கலங்குவது உண்டு. அவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது.

ஐந்தாவது வார்த்தை முக்தியைப் பற்றியது. அந்த வார்த்தையைக் கொண்டுவந்து கொடுத்தவர் நம்பிகள். அவருக்கே முக்தியைப் பற்றி ஒரு கவலை இருந்தது.

"வீசினீர், பேசினேன்"

ஒரு நாள் நம்பிகள் பெருமாளிடம் கேட்டாராம்: "எனக்கு முக்தி உண்டா?"

பெருமாள் சொன்ன பதில் நாம் எதிர்பார்க்காத பதில். நீர் விசிறி வீசினீர், அதற்கு நான் உம்மோடு பேசினேன், இரண்டுக்கும் சரியாகப் போயிற்று என்று சொல்லிவிட்டார். முக்தி வேண்டுமானால் அடியார் ஒருவருக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

நம்பிகள் அழவில்லை. வாதாடவும் இல்லை. திருக்கோட்டியூருக்குப் போனார். அங்கே ஒரு பெரியவரின் வீட்டில், தாம் யார் என்று சொல்லாமல், மாடு மேய்க்கும் ஆளாகச் சேர்ந்தார். மழை கொட்டிய ஓர் இரவில் தம்முடைய போர்வையை மாட்டுக்குப் போர்த்திவிட்டு, தாம் குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தார் என்றும் கதை சொல்கிறது.

இது நடந்ததா, நடக்கவில்லையா என்று வழக்காட நான் வரவில்லை. ஆயிரம் ஆண்டாக நம் மக்கள் இந்தக் கதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஏன்? கடவுளோடு பேசுவதும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் மனிதனுக்கும் மாட்டுக்கும் நாம் என்ன செய்தோம் என்ற கணக்கு அங்கே கேட்கப்படுகிறது.

சாயக்காரர் மகள்

இப்போது இத்தாலிக்குப் போவோம்.

சியன்னா என்று ஓர் ஊர். அங்கே துணிக்குச் சாயம் தோய்க்கும் தொழில் செய்தவர் ஒருவர் இருந்தார். அவருக்கு இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி கத்தரின். பிறந்தது 1347-ம் ஆண்டு.

காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு அந்த வீட்டைப் பற்றி அதிகம் விளக்க வேண்டாம். சாயத் தொட்டி, ஈர நூல், கொதிக்கும் தண்ணீர், ஓயாத வேலை எல்லாம் பழகிய காட்சிதான்.

கத்தரினுக்குச் சிறு வயது முதல் கடவுள் மேல் அளவில்லாத பற்று. கல்யாணம் வேண்டாம் என்றாள். தலைமுடியை வெட்டிக்கொண்டாள். பெற்றோருக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்கென்று தனி அறை கூடாது, வீட்டு வேலை முழுவதையும் அவளே செய்யட்டும் என்று தண்டனை போட்டார்கள். ஜெபம் செய்ய ஒரு மூலைகூட இல்லை.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? மனத்துக்குள்ளே ஓர் அறை கட்டிக்கொண்டாள். அந்த அறையை யாரும் பிடுங்க முடியாது. அப்பாவுக்குச் சோறு போடும்போது இயேசுநாதருக்குப் போடுவதாக நினைத்தாள். அம்மாவை மாதாவாக நினைத்தாள். அண்ணன் தம்பிகளைச் சீடர்களாக நினைத்தாள். அடுப்படியே அவளுக்குக் கோவில் ஆயிற்று.

பிறகு தகப்பனார் மனம் இரங்கினார். ஓர் அறை கிடைத்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டு அந்த அறையில் தனித்திருந்து தவம் செய்தாள். கிறிஸ்துவே தன்னை மணந்து மோதிரம் அணிவித்ததாக ஒரு காட்சி கண்டாள். ஆண்டாள் கனவில் திருமாலை மணந்த கதையை அறிந்த நமக்கு இது புதிது அல்ல.

கதை அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. அவளுடைய குரு ரேமண்ட் என்பவர் எழுதிய சரித்திரம் மேலே சொல்கிறது. அந்தக் காட்சிக்குப் பிறகு ஆண்டவர் அவளை அறையில் இருக்க விடவில்லை. உன் வீட்டார் சாப்பிட உட்காரப் போகிறார்கள், நீ போய் அவர்களோடு உட்கார் என்று அனுப்பினார். கத்தரின் அழுதாள். ஆனாலும் போனாள்.

அதற்குப் பிறகு அவள் நோயாளிகளின் தாய் ஆனாள். மற்றவர்கள் தொட அஞ்சிய தொழுநோயாளியைக் கழுவித் துடைத்தாள். 1374-ம் ஆண்டில் சியன்னாவில் கொள்ளைநோய் பரவியது. அப்போதும் நோயாளிகள் பக்கம் நின்றாள்.

கத்தரின் பள்ளிக்கூடம் போனது இல்லை. வயது வந்த பிறகே எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்படிப்பட்டவள் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய கடிதங்கள் ஏறக்குறைய 380 இன்றும் இருக்கின்றன. அரசர்களுக்கும் எழுதினாள், பாப்பரசருக்கும் எழுதினாள். 1376-ல் பிரான்சு நாட்டில் இருந்த பாப்பரசரை நேரில் கண்டு, ரோமாபுரிக்குத் திரும்பும்படி வற்புறுத்தினாள். 1377-ல் அவர் திரும்பினார். வயதான பிறகு எழுத்துக் கற்றுக்கொள்ள வெட்கப்படும் தாய்மார்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

1970-ம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தது. பெரிய வேத அறிஞர்களுக்குக் கொடுக்கும் பட்டம் அது. அதே ஆண்டில் அதே பட்டம் பெற்ற இன்னொரு பெண்மணி, ஸ்பெயின் நாட்டு அவிலா தெரேசம்மாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கத்தரின் கடுமையாகப் பட்டினி கிடந்தவர். 33 வயதிலேயே, 1380-ல், இறந்துபோனார். அந்தப் பட்டினியை யாரும் பின்பற்ற வேண்டாம். அவர் செய்த சேவையைப் பின்பற்றினால் போதும்.

கஞ்சிக் கிண்ணம்

கத்தரினம்மாள் மட்டும் அல்ல. அந்தக் காலத்து ஐரோப்பிய ஞானிகள் பலர் இதையே சொன்னார்கள்.

ஜெர்மனியில் எக்கார்ட் என்று ஒரு துறவி இருந்தார். ஒருவன் தியானத்தில் மெய்ம்மறந்து இருக்கும்போது, ஒரு நோயாளிக்குக் கஞ்சி தேவை என்று தெரிந்தால், தியானத்தை விட்டு எழுந்து கஞ்சி கொடுப்பதே மேல் என்று அவர் போதித்தார்.

தெரேசம்மாள் 1577-ல் ஒரு நூல் எழுதினார். உயிரை ஏழு கட்டு வைத்த கோட்டையாக அதில் வருணித்தார். ஏழாம் கட்டில் கடவுளோடு உயிர் ஒன்றுகிறது. எதற்காக? நல்ல காரியங்கள் பிறப்பதற்காக என்றார் அவர். அண்டை வீட்டான் மேல் அன்பு இருக்கிறதா என்று பார், கடவுள் மேல் உனக்கு அன்பு உண்டா என்று அதிலேயே தெரிந்துவிடும் என்றும் சொன்னார். ஆண்டவன் சமையல் பாத்திரங்களுக்கு நடுவிலும் உலாவுகிறான் என்பதும் அவர் வாக்கே.

கோர்வை

"உயிர் கடவுளோடு ஒன்றினால் கரைந்துவிடுமா? தனியாக நிற்குமா?" என்று சிலர் கேட்பார்கள். பெரிய கேள்விதான்.

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி உயிரையே வாங்கியது. உயிர் கடவுளில் மறைந்துபோவதைப் பற்றி நூல் எழுதிய மார்கரெட் என்ற பெண்ணை 1310-ல் பாரிசு நகரில் உயிரோடு எரித்தார்கள். கஞ்சி கொடுக்கச் சொன்ன எக்கார்டும் தப்பவில்லை. அவர் இறந்த பிறகு, 1329-ல், அவருடைய 28 வாசகங்களைப் பாப்பரசர் கண்டித்தார்.

காஞ்சீபுரத்திலும் இந்த வாதம் உண்டு. இரண்டும் ஒன்றே என்பது அத்வைதம். உயிர் கடவுளுக்கு உடல் போன்றது, ஆனால் வேறு என்பது இராமானுஜர் கொள்கை. இரண்டு கொள்கைக்காரர்களும் இந்த ஒரே ஊரில்தான் பல நூற்றாண்டாக வாழ்கிறார்கள்.

நான் தத்துவம் படித்தவன் அல்ல. ஆனால் காஞ்சீபுரத்துத் தறியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். சேலைக்கு நடுவில் ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓடும். தறியில் ஒருவர் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரை நாடாவைப் போட்டுக் கொடுப்பார். நடுவும் கரையும் இழைக்கு இழை பின்னிக்கொள்ளும். இதற்குக் கோர்வை என்று பெயர். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு நிறம் இன்னொரு நிறத்தில் கரைந்துபோவது இல்லை.

வரதர் சொன்ன இரண்டாவது வார்த்தை எனக்கு இப்படித்தான் விளங்குகிறது. வேறு விதமாக விளங்குகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கோர்வைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் நாடாவைப் போடாவிட்டால் கரை சேராது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

"கடவுள் என்னோடு பேசுகிறார்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். சிலர் பணம் கேட்கிறார்கள். சிலர் நகையைக் கழற்றச் சொல்கிறார்கள். நோய்க்கு மருந்து வேண்டாம் என்கிறார்கள். குடும்பப் பெண்கள் ஏமாந்து நிற்கிறார்கள்.

இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? நம்பிகளின் கதையே அளவுகோல். கடவுள் பேசிய மனிதர் மாடு மேய்க்கப் போனார். கடவுளை மணந்ததாகக் கண்ட பெண் புண்ணைக் கழுவப் போனாள். நம்மிடம் வருகிற ஆள் யாருக்குத் தொண்டு செய்கிறார்? அல்லது எல்லாரையும் தமக்குத் தொண்டு செய்யச் சொல்கிறாரா? இதைக் கேட்டாலே பாதி வேடம் கலைந்துவிடும்.

"அப்படியானால் கோவிலுக்கே போக வேண்டாம் என்கிறீரா?" என்று கோபிக்க வேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை. நம்பிகள் விசிறியைத் தூக்கி எறியவில்லை. கத்தரின் ஜெபத்தை விடவில்லை. கோவிலில் கிடைத்த அன்பை வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டு வந்தார்கள். அவ்வளவுதான்.

"இரண்டு மதத்தையும் ஒன்றாக்குகிறீரே?" என்றும் சிலர் கேட்கலாம். ஒன்றாக்கவில்லை. இரண்டுக்கும் கொள்கையில் வேறுபாடு உண்டு. அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு. ஆனால் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால் அது நம் கண்ணுக்கும் வெளிச்சம்தானே!

நாளை காலை

அத்திவரதர் மீண்டும் வெளியே வர 2059-ம் ஆண்டு ஆகும். இன்று இதைப் படிக்கும் பெரியவர்கள் பலர் அப்போது இருக்க மாட்டோம்.

அதுவரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம்.

வீட்டுத் திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். காது கேட்காது. சொன்னதையே சொல்வார். வெயில் காலத்தில் மின்சாரம் நின்றுவிட்டால், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் விசிறி வீசுங்கள். வேலைக்கு வரும் அம்மாளுக்கு உங்கள் வீட்டு டம்ளரிலேயே காப்பி கொடுங்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டு போங்கள்.

அங்கே எந்தக் காட்சியும் தெரியாது. யாரும் பேச மாட்டார்கள். கிழவி திட்டினாலும் திட்டுவார்.

பரவாயில்லை. வீசுங்கள்.